நிமிடத்துக்கு இரண்டு விநாடி

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று, முப்பத்தொரு வருஷமும் மனசாட்சிப்படி வேலை பார்த்தேன் என்று மேடையில் சொன்னேன். கழுத்தில் மாலையைப் போட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்களுக்கு மாலை விழ இன்னும் வெகுநாள் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக அறிவியல் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறீர்கள். பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் புத்தகம் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு செய்முறைத் தேர்வில் நான் சொன்ன பொய்யைப் பற்றி.

எழுபதுகளின் முதல் பாதி. பிளஸ் டூ இன்னும் வரவில்லை. டெல்லியில் பதினோராம் வகுப்புதான் பள்ளியின் கடைசி வகுப்பு. பாளையங்கோட்டையில் படித்து முடித்து, கணவருக்கு இங்கே வேலை என்பதால் வந்து சேர்ந்தவள் நான். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பௌதிகம் எடுத்தேன். பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள். வீடு சரோஜினி நகரிலோ கரோல் பாகிலோ இருக்கும். பிள்ளை இஞ்சினியர் ஆகவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இருக்கும். இஞ்சினியர் என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் பல வீடுகளில் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவேன்.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. நானும் கைவிடவில்லை. விடையை முதலில் எழுதுவோம், அளவுகளைப் பிறகு எழுதுவோம். ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணி, அதிலிருந்து புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் 980 வரவேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் 980-ஐ முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு எத்தனை விநாடி வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுவார்கள். குண்டு அதன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். ஒருவனும் அதைப் பார்க்கமாட்டான்.

நான் அதைத் தடுக்கவில்லை. எல்லாருக்கும் சரியாக 980 வந்தால் சந்தேகம் வரும், ஒருத்தருக்கு 978, ஒருத்தருக்கு 982 இருக்கட்டும் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொன்னவளே நான்தான். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் அவர்களை நான் என்ன சொல்லித் திட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் கோமதி என்று ஒரு பெண் படித்தாள். அப்பா சுப்பையா, ஒரு அமைச்சகத்தில் மேல்நிலைக் குமாஸ்தா, தென்காசிப் பக்கம். கோமதி டெல்லியிலேயே பிறந்தவள். வீட்டுத் தமிழும் தெரு ஹிந்தியும் அவள் வாயில் கலந்தே வரும். முதல் வரிசை மாணவி இல்லை. நிதானமானவள். மற்றவர்கள் மூன்று சோதனை முடிக்கும் நேரத்தில் இவள் ஒன்று முடிப்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

டிசம்பரில் ஒருநாள் இரண்டு கைகளிலும் இரண்டு நிறுத்துக் கடிகாரங்களோடு என்னிடம் வந்தாள். எங்களிடம் இருந்ததே மூன்றுதான். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு பெயின்ட் பொட்டு வைத்திருந்தோம்.

"மிஸ், ரெண்டையும் சாத்-சாத், ஒண்ணா ஓட விட்டுப் பாத்தேன். இந்த லால் பொட்டு வெச்சது ஸ்லோ. நிமிஷத்துக்கு ரெண்டு செகண்ட் முழுங்குது. மூணாவதோடயும் வெச்சுப் பாத்துட்டேன்."

நாற்பது பிள்ளைகள், எட்டு மேசை, மணி அடிக்கப் பத்து நிமிஷம். கடிகாரத்தைக் குறை சொல்லுகிறதை விட்டுவிட்டு உன் கையைப் பார் என்றேன். அவளுக்கு 1048 வந்திருந்தது. ஏழு தடவை எடுத்தும் அதை ஒட்டியேதான் வந்தது என்றாள். பக்கத்து மேசைப் பையனின் நோட்டை வாங்கிக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொன்னேன். எழுதினாள். சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிகாரத்தை ரிப்பேருக்கு அனுப்பவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. 980 எழுதப் போகிற பிள்ளைகளுக்குக் கடிகாரம் எப்படி ஓடினால் என்ன?

பிப்ரவரியில் போர்டு செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். வேறொரு பள்ளியில் பௌதிகம் எடுத்தவர், பஞ்சாபி, ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். கழுத்தில் மப்ளர், ஓயாத இருமல். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு விளம்பரம் பிடிக்காது என்பது அன்று ஒருநாள் பழக்கத்திலேயே தெரிந்தது. உள்தேர்வாளர் நான். இரண்டு பேரும் சேர்ந்து மதிப்பெண் போடவேண்டும். அதை வெளியே சொல்லக்கூடாது.

சீட்டுக் குலுக்கிச் சோதனையை எடுத்தார்கள். மூன்று அணிகளாகத் தேர்வு நடந்தது. கோமதி கடைசி அணி. அவளுக்கு ஊசல் வந்தது. சோதனைக்கூட உதவியாளர் ராம்ஸ்வரூப் சிவப்புப் பொட்டுக் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேறு கேட்டாள். மற்ற இரண்டும் வேறு மேசைகளில் இருந்தன. இருப்பதை வைத்துச் செய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அவளுக்கு அந்த மதிப்பெண் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பௌதிகத்தில் முதல் வகுப்பு வரும் என்று தெரிந்தால் இஞ்சினியரிங் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துப் பரீட்சை எழுதி ஆபீஸ் வேலைக்குப் போகட்டும் என்று அவளுடைய அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார். ஒரு பெண் இஞ்சினியரிங் கேட்டதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். செய்முறையில் தவறினால் அதோடு முடிந்தது.

நேரம் முடிய இருபது நிமிஷம் இருக்கையில் தேர்வாளர் அவள் மேசையருகே நின்றுவிட்டார். விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 1048 என்று எழுதி, அதன்கீழே அவள் குறிப்பு எழுதியிருந்தாள்: இந்தக் கடிகாரம் நிமிடத்துக்கு இரண்டு விநாடி மெதுவாக ஓடுகிறது, அதைத் திருத்திக் கணக்கிட்டால் 979.

எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டு, விடையைக் கொண்டுவரக் கடிகாரத்தின்மேல் பழி போடுகிறாளா என்று கேட்டார். நியாயமான சந்தேகம். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்தவர், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான திருட்டையெல்லாம் பார்த்திருப்பார். கடிகாரத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான், இது மெதுவாக ஓடுகிறதா இல்லையா சொல்லுங்கள் என்றார்.

நன்றாகக் கவனியுங்கள். அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஐந்து பிள்ளைகள் ஊசல் செய்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் 978, 981, 980 என்று வந்திருந்தது. விடைத்தாள்கள் அவர் மேசையிலேயே இருந்தன. ஆமாம், மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால், மெதுவாக ஓடும் கடிகாரத்தில் ஐந்து பேருக்குச் சரியான விடை எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அந்த ஐந்து பேரும் மாட்டுவார்கள், அவர்களோடு நானும் மாட்டுவேன். இல்லை, சரியாக ஓடுகிறது என்று சொன்னால் கோமதி பொய்க்காரி. அறையில் உண்மையாக அளந்தவள் அவள் ஒருத்திதான். அவள் தாள் ஒன்றுதான் திருட்டுத்தாள் மாதிரி தெரிந்தது.

ராம்ஸ்வரூப் என் பின்னால் நின்றிருந்தார். நல்ல மனுஷர். என் மூச்சு மாறியதைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம்ஜி, கிர் கயீ தீ போல் தீஜியே" என்று மெதுவாகச் சொன்னார். கீழே விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை அழகான பொய் பாருங்கள். அந்த ஐந்து பேர் செய்தபோது சரியாக ஓடியது, பிறகு விழுந்தது, கோமதி செய்தபோது மெதுவாக ஓடியது. எல்லாரும் பிழைத்தோம். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மதியம் இந்த அணி தொடங்குவதற்கு முன்னால் கடிகாரம் கை தவறி விழுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் திருத்தமாகச் சொன்னேன். கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர்வாளர் அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார். பிறகு விடைத்தாளை என் முன்னால் வைத்து, குறிப்பின் கடைசி வரியில் விரலை வைத்தார். அதை நான் படித்திருக்கவில்லை. டிசம்பரில் மற்ற இரண்டு கடிகாரங்களோடு ஒப்பிட்டு இதைக் கண்டேன் என்று எழுதியிருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் சிவப்புப் பொட்டுக் கடிகாரத்தை வைத்து ஓடவிட்டார். ஒரு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடையது அறுபதுக்கு வந்தபோது இது ஐம்பத்தெட்டில் இருந்தது. ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்து தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். எழுதி அனுப்பினால் பள்ளியின் மேல் விசாரணை வரும், பிள்ளைகளின் தேர்வு ரத்தாகும். கண்ணை மூடிக்கொண்டால் அடுத்த வருஷமும் இதே நடக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. மைதானத்திலும் வாசலிலும் நின்றிருந்த அந்த ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். வேறு கடிகாரத்தைக் கொடுத்தார். எண்ணி, விநாடியை மட்டும் என்னிடம் எழுதிக் கொடு, கணக்கை நான் போடுகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஐந்து பேரும் திணறிப்போனார்கள். ஒரு பையனுக்கு ஆட்டத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே தெரியவில்லை. ஒருத்தனுக்கு 930 வந்தது, ஒருத்தனுக்கு 1015. அதற்கு என்ன மதிப்பெண்ணோ அதைப் போட்டார். யாரும் தவறவில்லை, யாருக்கும் சலுகையும் கிடைக்கவில்லை. இதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அது என் கவலை என்றார்.

போகும்போது மப்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "980 என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும், மேடம். அதைக் கேட்கவா என்னை இவ்வளவு தூரம் அனுப்பினார்கள்?"

என் பொய்யைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து பேரில் மூன்று பேர் பிற்பாடு இஞ்சினியர் ஆனார்கள். என்ன கட்டுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கதை இங்கே முடிந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கோமதிக்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். முழுசாகப் போடவில்லை. வரைபடத்தில் ஒரு அச்சுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தாள், அதற்குக் குறைத்தார். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. வெளியே அனுப்பப்பட்டவள் நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது; திரும்ப அளக்கவைத்ததை அந்த ஐந்து பேரும் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. அவள் கண்ணால் கண்டது ஒன்றுதான். அவள் டிசம்பரில் சொன்னதை அறிந்த ஒரே ஆளான அவளுடைய மிஸ், கடிகாரம் இன்று மதியம் விழுந்தது என்று தேர்வாளரிடம் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, இஞ்சினியரிங் விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பில் இருந்த ஆசிரியை, கோமதி மட்டும் படிவம் தரவில்லை, அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாராம் என்று சொன்னார். திங்கட்கிழமை கடைசி நாள். அன்று சனிக்கிழமை.

மதிப்பெண்ணைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். சொல்லக்கூடாது. அந்த விதியையாவது மீறாமல் இருப்போம் என்று நினைத்தேன். மாலையில் சரோஜினி நகருக்குப் போனேன். இரண்டு அறை கொண்ட சர்க்கார் குவார்ட்டர்ஸ். சுப்பையா ஸ்வெட்டரோடு வராந்தாவில் நாற்காலி போட்டார். கோமதி கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

படிவத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அவளே வேண்டாங்கா டீச்சர்" என்றார். "பரிச்சைத்தாள்ல, கடியாரம் சரியில்லன்னு எழுதி வச்சிட்டு வந்திருக்கா. அஞ்சு பேரு ஒண்ணு எழுதுத எடத்துல இவ மட்டும் வேற எழுதுனா யாரு நம்புவா? எங்க ஆபீஸ்ல ஆபீசர் மொதல்ல முடிவச் சொல்லிருவாரு. நாங்க அதுக்குத் தோதா நோட்டு எழுதுவோம். இருவது வருசமா அப்படித்தான் பொழைக்கேன். இப்படி எதுத்து எழுதுதவள எந்தக் கம்பெனியில வச்சுக்கிடுவான்?"

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் ஆபீசில் நடப்பதைத்தான் நான் சோதனைக்கூடத்தில் நடத்தியிருந்தேன். இஞ்சினியர் ஆக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, குறிப்பு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களை வருஷத்துக்கு நாற்பது பேர் தயார் செய்து அனுப்பியிருந்தேன். அந்த வேலைக்கு இஞ்சினியரிங் கல்லூரி எதற்கு?

என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். பெண் கெட்டிக்காரி, விட்டுவிடாதீர்கள் என்று நயமாகச் சொல்லலாம் என்பது திட்டம். நயம் எனக்கு வராது.

"கடியாரம் விழல" என்றேன். "நான் பொய் சொன்னேன். அது மூணு மாசமா ஸ்லோவாத்தான் ஓடிச்சு. உங்க பொண்ணு டிசம்பர்லயே எங்கிட்ட வந்து சொன்னா. நான் காதுல வாங்கல. அவளப் பக்கத்துப் பையனப் பாத்து எழுதச் சொன்னேன். பரிச்சையன்னிக்கு அந்த அஞ்சு பேரும் அளக்காமலே எழுதுனாங்க. அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதான். அங்க சரியா அளந்தது இவ ஒருத்திதான்."

சுப்பையா என்னையே பார்த்தார். ஒரு டீச்சர் வீடு தேடி வந்து தன்மேல் தானே புகார் சொல்வதை அவர் எந்தக் கோப்பிலும் பார்த்திருக்கமாட்டார். அவர் நினைத்தால் அதையே எழுதி மேலே அனுப்பலாம். என் வேலை போகும். எழுதத் தெரிந்தவர்தான்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"குடுக்கேன். பேப்பர் எடுங்க."

அவர் பேப்பர் எடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. "நெஹீம்ப்பா, வேண்டாம். மிஸ் எழுத வேண்டாம்" என்றாள்.

"ஒனக்கு என்ன வேணும்?" என்றார் அவர்.

"அந்தக் கடிகாரம் ஸ்லோன்னு நீங்க நம்பணும்."

உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து செய்திக்கு நேரமாகிவிட்டது. சுப்பையா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கதவுப்பக்கம் நீட்டினார்.

"இது எப்படி ஓடுதுன்னு பாத்துச் சொல்லு."

கோமதி வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். ரேடியோவின் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள். மணிக்கு முன்னால் வரும் பீப் ஒலிகள் வந்தன. கடைசி பீப் வரைக்கும் அவள் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி இரண்டு வரி படித்த பிறகுதான் திரும்பி வந்தாள். எப்போதும் போல நிதானமாக.

"நாலு நிமிஷம் ஃபாஸ்ட்ப்பா."

"நாலா?"

"நாலுக்குக் கொஞ்சம் கம்மி."

அவர் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதப் பாத்துத்தான் செக்‌ஷன்ல எல்லாருக்கும் லேட் மார்க் போடுதேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பிறகு சாவியை இழுத்து முள்ளைப் பின்னால் திருப்பி வைத்தார். கையில் கட்டிக்கொண்டார். படிவத்தை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.